கிராஸ் கன்ட்ரி ஓடும் மகளுக்கு ஒற்றைக் காலில் வலி

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. நியூ ஜெர்சியில் 10-ம் வகுப்பு படிக்கிறாள். ஹைஸ்கூல் கிராஸ் கன்ட்ரி அணியில், அதாவது புல்வெளியிலும் மேட்டிலும் ஓடும் நெடுந்தூர ஓட்ட அணியில், இது இரண்டாவது வருடம். இந்த சீசனில் வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதல் அணியில், ஓடும் ஏழு பேரில் ஒருத்தி. கோடையில் 250 மைல் ஓடினால் டி-ஷர்ட் என்று அணியில் ஒரு வழக்கம் உண்டு. வசந்த கால ட்ராக் சீசனில் வாரம் 20 மைல் ஓடிக்கொண்டிருந்தாள். லீவு விட்டதும் ஐந்து வாரம் கோவையில் இருந்தோம், அங்கே மொத்தமே 40 மைல்தான் ஓடினாள். திரும்பி வந்து ஆகஸ்ட் மாதம் முழுக்க ஓடி மீதியை முடித்துவிட்டாள். செப்டம்பர் நடுவில் இரண்டு கணைக்காலிலும் வலி வந்தது. இப்போது வலது கால் பரவாயில்லை. இடது காலில் உள்பக்கம் ஓரிடத்தில் மட்டும் வலிக்கிறது, படி இறங்கும்போதும் சில ராத்திரி படுத்த பிறகும் வலிக்கிறது என்கிறாள். ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடுகிறாள். போன வருடம் 21:40-ல் 5 கிலோமீட்டர் ஓடியவள், போன வாரம் ஹோம்டெல் பூங்காவில் 22:50. ஞாயிற்றுக்கிழமை பரதநாட்டிய வகுப்பு, இரண்டு வருடம் கழித்து அரங்கேற்றம். நாங்கள் சைவம். நான்கு மாதமாக பீரியட்ஸ் வரவில்லை என்று நேற்றுதான் சொன்னாள். "ஓடுற எல்லாருக்கும் அப்படித்தான்மா" என்கிறாள். ஓட்டமே வேண்டாம் என்கிறார் என் கணவர். நவம்பர் தொடக்கத்தில், மாநிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து நடத்தும் செக்‌ஷனல் போட்டி இருக்கிறது. ஷூவை மாற்றினால் போதுமா? கோச்சிடம் நாங்கள் பேசலாமா?

ஒரு தாய், எடிசன்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

செக்‌ஷனல் போட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகளின் மனசு அங்கேதான் இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவள் அந்தப் போட்டியில் ஓடக் கூடாது. டாக்டர் பார்த்து, ஸ்கேன் எடுத்து, எலும்பில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் மட்டும் முடிவை மாற்றலாம். அதுவரை ஓட்டம், குதிப்பது, நாட்டிய அடவு எல்லாம் இன்றிலிருந்தே நிற்கட்டும். ஐபுப்ரோஃபெனையும் நிறுத்துங்கள். வலியை மாத்திரையால் அமுக்கிக்கொண்டு ஓடினால், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் ஒரே அறிகுறியும் போய்விடும். நாக்கு வறளும் அளவுக்கு வியர்த்து ஓடும் நாளில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஒரு வரி: முதலில் இரண்டு காலிலும் இருந்த வலி, இப்போது ஒரே காலில் ஒரே இடத்தில். புதிதாக ஓடும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு "ஷின் ஸ்பிளின்ட்" வரும். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை ஒட்டி, நீளவாக்கில், பரவலாக வலிக்கும். ஓட ஆரம்பித்ததும் இருக்கும், உடம்பு சூடானதும் குறையும், ஓடி முடித்த பிறகு மறுபடி தலைகாட்டும். பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும். ஓட்டத்தைக் குறைத்து, ஆடுசதையைப் பலப்படுத்தினால் சரியாகிவிடும். அதைக் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வலி சுருங்கி ஒரு புள்ளியில் வந்து நிற்கும். சூடானாலும் குறையாது, ஓட ஓடக் கூடும், நடக்கும்போது வரும், கடைசியில் படுத்திருக்கும்போதும் வரும். எலும்பிலேயே நுண்ணிய பாதிப்பு, அதாவது ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் அல்லது அதற்கு முந்தைய நிலை என்று சந்தேகப்பட வேண்டிய கட்டம் அது. ராத்திரி வலி வந்த பிறகு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

டாக்டரிடம் போகும்வரை ஒரு சோதனை நீங்களே செய்யலாம். அவளை உட்கார வைத்து, இடது காலை ஸ்டூல் மேல் நீட்டச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே தொடங்கி, எலும்பின் உள்விளிம்பில் உங்கள் கட்டைவிரலை வைத்து, அரை அங்குலம் அரை அங்குலமாக அழுத்திக்கொண்டே கணுக்கால் வரை வாருங்கள். அழுத்தும்போது அவள் முகத்தைப் பாருங்கள், வாயைக் கேட்க வேண்டாம். போட்டி நெருங்கும்போது பிள்ளைகள் வலியைக் குறைத்துத்தான் சொல்வார்கள். மூன்று விரல் அகலத்துக்கு மேல், ஏறக்குறைய 5 சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்தால் ஷின் ஸ்பிளின்ட் பக்கம் சாய்கிறது. ஒரு விரல்நுனிக்குள் அடங்கும் இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு உதவும். ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கச் சொல்லும் சோதனை ஒன்றும் உண்டு. படி இறங்கவே வலிக்கிறது என்பதால் இவளுக்கு அது வேண்டாம்.

வலி எலும்பின் உள்விளிம்பில் இல்லாமல் முன்பக்க விளிம்பில் இருந்தாலோ, பாதத்தின் மேல்பக்கம் நடுவில் இருந்தாலோ, தொடை இடுக்கில் இருந்தாலோ அவசரம் இன்னும் கூடும். அந்த இடங்களில் வரும் முறிவு ஆறுவது கடினம். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் வந்தால் அறுவை சிகிச்சை வரை போகலாம்.

யாரைப் பார்ப்பது? குழந்தைகளுக்கான ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டர் கிடைத்தால் அவர்தான் முதல். கிடைக்க நாளாகும் என்றால் உங்கள் குழந்தைநல மருத்துவரிடம் இந்த வாரமே போய் ரெஃபரல் வாங்குங்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள், பெரும்பாலும் சுத்தமாக வரும். அதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாது, சிலருக்குக் கடைசி வரை தெரியாது. எலும்புக்குள் இருக்கும் வீக்கத்தை எம்ஆர்ஐதான் காட்டும். எந்த அளவு பாதிப்பு, எத்தனை வாரம் ஓய்வு என்பதையும் அதை வைத்தே சொல்ல முடியும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் முன் அனுமதி கேட்கும், "முதலில் சில வாரம் பிசியோதெரபி" என்று தள்ளவும் செய்யும். அதனால் டாக்டரின் குறிப்பில் "ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் சந்தேகம், ஓரிடத்தில் எலும்பு வலி, இரவு வலி, நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை" என்று இத்தனையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். வெறும் "கால் வலி" என்று போனால் அனுமதி இழுத்தடிக்கும்.

இனி இது ஏன் வந்தது என்பதற்கு வருகிறேன். கோவையில் ஐந்து வாரத்தில் 40 மைல் என்றால் வாரம் 8 மைல். மீதி 210 மைலை ஆகஸ்டில் முடித்திருக்கிறாள், தாராளமாக ஐந்து வாரம் என்று வைத்துக்கொண்டாலும் வாரம் 42 மைல். நல்ல ஃபார்மில் இருந்தபோதே அவள் ஓடியது வாரம் 20 மைல்தான். ஒரு மைல் ஓடினால் ஒவ்வொரு காலும் 750 முறைக்கு மேல் தரையில் இறங்கும், அதுவும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையோடு. நுரையீரலும் சதையும் சில வாரங்களிலேயே பழகிவிடும், அதனால் அவளுக்கு ஓட முடிந்தது. எலும்பின் கணக்கு வேறு. புதிய பாரம் வந்ததும் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கொஞ்சம் கரைத்து எடுக்கும். அதற்கு மூன்று வாரம் போதும். அந்தப் பள்ளத்தைப் புது எலும்பால் நிரப்பி முடிக்க மூன்று மாதம் வரை ஆகும். பள்ளம் தோண்டியாகிவிட்டது, நிரப்பவில்லை என்ற நிலையில் பாரம் ஏறிக்கொண்டே போனால் எலும்பு தாங்காது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஏற்றிய பாரத்துக்கு செப்டம்பர் நடுவில் வலி வந்திருப்பது இந்தக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது.

இதில் நீங்களும் கோச்சும் சேர்த்துக் கணக்குப் போடாத ஒன்று உண்டு: ஞாயிற்றுக்கிழமை நாட்டியம். அணியில் ஞாயிறுதான் ஓய்வு நாள் என்று கோச் நினைத்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவள் வெறுங்காலோடு அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவும் நாட்டடவும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், ஆடிக்கொண்டிருப்பாள். வகுப்பு பேஸ்மென்ட்டில் நடந்தால் தரைக்குக் கீழே கான்கிரீட். மேலே வினைல் ஒட்டியிருந்தாலும் கணைக்காலுக்கு அது கல்தான். ஓட்டத்தில் அடிபடும் அதே எலும்புதான் தட்டும்போதும் அடிபடுகிறது. ஆக, அவளுக்கு வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வில்லை. ஓட்டமும் நாட்டியமும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை, இரண்டையும் அவள் தொடரலாம். இரண்டும் ஒரே எலும்பின் மேல் விழும் பாரம் என்பதைக் கோச்சும் நாட்டிய ஆசிரியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பீரியட்ஸ். கால் வலியைவிட இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். "ஓடுற எல்லாருக்கும் அப்படித்தான்" என்பது அணியில் மூத்த பெண்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் தப்பான பாடம். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், ஓட்டக்காரியானாலும் இல்லாவிட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு, பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு என்று வேறு காரணங்களும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டாக்டர் உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லி அவளிடம் தனியாகப் பேசுவார். கர்ப்பப் பரிசோதனையும் செய்வார், அது எல்லாப் பெண்களுக்கும் உள்ள நடைமுறை. சங்கடப்பட வேண்டாம்.

மற்ற காரணங்கள் இல்லையென்றால் மிஞ்சுவது சாப்பாடு. செலவாகும் சக்திக்கு ஈடாக உணவு போகவில்லை என்றால் உடம்பு உயிர் வாழ அவசியமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். முதலில் நிற்பவற்றில் ஒன்று மாதவிடாய். அதோடு ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பைக் கட்டும் வேலை மந்தமாகும். இந்த நிலைக்கு "ரெட்-எஸ்" என்று பெயர், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் வைத்தது. பையன்களுக்கும் வரும், மாதவிடாய் போல ஓர் அடையாளம் இல்லாததால் வெளியே தெரிவதில்லை. பெண்களின் எலும்பில் மிகப் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடும். 15 வயதில் இழப்பதைப் பிறகு முழுதாக மீட்க முடியாமல் போகலாம். மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவழைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், காரணம் என்ன என்று தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். கருத்தடை மாத்திரையால் மாதாமாதம் ரத்தம் வரும், எலும்பு தேறாது. தேறாத விஷயம் நம் கண்ணுக்கும் படாது.

இவள் வேண்டுமென்றே பட்டினி கிடக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தெரியாமலேயே நடக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓட உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். எடை 50 கிலோ என்று வைத்துக்கொண்டால், வாரம் 42 மைலுக்கு, அதாவது 67 கிலோமீட்டருக்கு, 3,300 கலோரிக்கு மேல். தினமும் 480 கலோரி கூடுதலாக வேண்டும். சாம்பாரோடு நான்கு இட்லியும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு வரும். வழக்கமான மூன்று வேளைக்கு மேல் தினமும் இன்னொரு முழு வேளைச் சாப்பாடு! அது அவள் நாளில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல ஹைஸ்கூல்களில் லஞ்ச் 11 மணிக்கு முன்பே வந்துவிடும். பசியே இருக்காது, நேரமும் இருபத்தைந்து நிமிடம்தான். டப்பா பாதியோடு திரும்பி வரும். பயிற்சி தொடங்கும்போது மணி மூன்று. நான்கு மணி நேரம் வெறும் வயிறு. வீட்டுக்கு வந்ததும் களைப்பில் ஒரு சிப்ஸ் பாக்கெட், பிறகு ஹோம்வொர்க், எல்லோரும் சேர்ந்து சாப்பிட எட்டு மணி.

இதை மாற்ற புதுச் சமையல் எதுவும் வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். காலையில் சீரியல் பார் ஒன்றோடு ஓட விடாதீர்கள். மூன்று தோசையோ நான்கு இட்லியோ, கூடவே பால். லஞ்சுக்கு ஸ்பூன் தேவைப்படாத சாப்பாடு: பனீரோ கொண்டைக்கடலையோ வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. இரண்டரை மணிக்கு, பயிற்சிக்கு முன், ஒரு வாழைப்பழமும் கடலை மிட்டாயும், அல்லது பீநட் பட்டர் சாண்ட்விச். இந்த ஒன்றை மட்டும் தவறவே விடக் கூடாது. பயிற்சி முடிந்து காரில் ஏறியதும் ஒரு பெரிய டம்ளர் சாக்லேட் பால், ஒரு கிண்ணம் சுண்டல். இரவு வழக்கமான சாப்பாடு. படுக்கும் முன் பால் அல்லது தயிர். ஓடாத இந்த வாரங்களிலும் இதே அளவுதான். "இப்பதான் ஓடலையே" என்று அவளே குறைத்துக்கொள்வாள், எலும்பு ஆறும் காலத்தில் அது தப்பு.

சைவம் ஒரு தடையில்லை, கவனம் வேண்டும். புரதம் நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை தேவை. நம் வீட்டு சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அதை நம்ப முடியாது. கெட்டிப் பருப்பு, கூட்டு, பனீர், டோஃபு, மீல் மேக்கர் என்று ஒவ்வொரு வேளையும் ஒன்று இருக்கட்டும். கால்சியம் 1,300 மில்லிகிராம். ஒரு கப் பாலில் 300 இருக்கும், கேழ்வரகும் கைகொடுக்கும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின், வைட்டமின் டி, பி12 மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தாலும் ஃபெரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பு, வற்றிப்போயிருக்கலாம். லேப் தாளில் 15-க்கு மேல் இருந்தாலே நார்மல் என்று அச்சிட்டிருப்பார்கள். தூரம் ஓடுபவர்களுக்கு 30-க்குக் கீழே இருந்தாலே ஸ்போர்ட்ஸ் டாக்டர்கள் பெரும்பாலும் கவனிப்பார்கள். காய்ச்சலோ சளியோ இருக்கும் வாரத்தில் இந்தப் பரிசோதனை எடுக்காதீர்கள், ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். இரும்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடங்கவும் வேண்டாம். தொடங்கினால் காலையில், ஆரஞ்சு ஜூஸோடு; டீ, காபி, பாலோடு கூடாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்தால் உடம்பு நன்றாக ஈர்க்கிறது, வயிற்றுத் தொந்தரவும் குறைவு. அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

வீட்டில் விரத நாள் இருந்தால் இவளுக்கு விலக்கு கொடுத்துவிடுங்கள். எடையைப் பற்றி, நல்ல வார்த்தையோ கெட்ட வார்த்தையோ, யாரும் பேச வேண்டாம். ஊரில் அத்தையும் சித்தியும் "என்னடி இப்படி இளைச்சுட்டே, கறுத்துட்டே" என்று சொல்வதை நீங்கள்தான் தடுக்க வேண்டும். அணியிலோ வீட்டிலோ யாராவது "இரண்டு கிலோ குறைந்தால் வேகம் கூடும்" என்று சொல்லியிருக்கிறார்களா என்பதை மட்டும் மெதுவாகக் கேட்டுப்பாருங்கள். ஆமாம் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். விளையாட்டுத் துறை தெரிந்த டயட்டீஷியனும் தேவைப்படுவார்.

ஓட்ட நேரம் கூடியதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிராஸ் கன்ட்ரியில் இரண்டு மைதானங்களின் நேரத்தை ஒப்பிடவே கூடாது. ஹோம்டெல் ஏற்ற இறக்கத்துக்கும் "பவுல்" என்ற அந்தப் பள்ளத்துக்கும் பேர் போனது. சமதளத்தில் 21:40 ஓடியவள் அங்கே ஒரு நிமிடம் கூடுதலாக எடுப்பதில் ஆச்சரியமில்லை. அதே மைதானத்தில் போன வருடம் என்ன நேரம் என்று பாருங்கள். தவிர, 14 வயதிலிருந்து 16 வயதுக்குள் பெண்களின் உடம்பு மாறும்போது நேரம் ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம், அப்படியே நிற்கும். அந்தச் சமயத்தில் எடையைக் குறைக்கப் போய்த்தான் நல்ல ஓட்டக்காரிகள் பலர் காணாமல் போகிறார்கள். பொறுமையாகச் சாப்பிட்டு, அளவாக ஓடியவர்கள் 11, 12-ம் வகுப்பில் மறுபடி முன்னேறுவார்கள்.

ஷூ: 300 முதல் 500 மைலுக்குள் ஒரு ஜோடி மாற்ற வேண்டும். ஆகஸ்டிலேயே 210 மைல் போயிருக்கிறது, ஆகவே மாற்றுங்கள், ஆனால் இந்த வலிக்கு அது மருந்தில்லை. கார்பன் தகடு வைத்த விலையுயர்ந்த ஷூ தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம். ஆணி வைத்த ஸ்பைக் ஷூவும் போட்டிக்கும் வாரம் ஒரு வேகப் பயிற்சிக்கும் மட்டும்.

கோச்சிடம் தாராளமாகப் பேசலாம், பேச வேண்டும். அதற்கு முன்னால் பள்ளியின் அத்லெட்டிக் ட்ரெயினரைப் பாருங்கள். அவர் காயங்களைப் பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்று சான்றிதழ் வாங்கியவர், பள்ளியிலேயே இருப்பார், கட்டணம் கிடையாது. அவர் மூலம் போனால் கோச்சுக்கும் சுலபம். கோச்சுக்கு எழுதும் மெயில் சுருக்கமாக இருக்கட்டும்: வலி எப்போது தொடங்கியது, எந்த இடம், கோடையில் வாரவாரியாக எத்தனை மைல், ஞாயிறு நாட்டியம், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் தேதி. மாதவிடாய் விவரத்தை எழுதலாமா என்று அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். யார் வார்சிட்டியில் ஓட வேண்டும் என்பதில் தலையிடாதீர்கள். போட்டி நாளன்று கூடாரத்தின் அருகே நின்று இதைப் பேச ஆரம்பிக்காதீர்கள். டாக்டரைப் பார்த்துவிட்டால், மறுபடி ஓட அவரின் எழுத்துமூல அனுமதியைப் பள்ளியில் கேட்பார்கள். பிள்ளைகள் வலியை மறைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் புள்ளிக் கணக்கு. ஏழு பேர் ஓடினாலும் முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டித்தான் அணியின் புள்ளி. குறைந்த புள்ளிக்கு வெற்றி. ஆறாவது, ஏழாவது ஆள் எதிரணியின் ஐந்து பேருக்கு முன்னால் வந்தால் அவர்களின் இடம் கீழே தள்ளப்படும். சமநிலை வந்தால் ஆறாவது ஆள்தான் தீர்மானிப்பார். அதனால் "நான் விலகினால் அணி தோற்றுவிடும்" என்ற பயம் ஏழாவதாக ஓடுகிறவளுக்குக்கூட உண்டு. அந்தப் பயத்தை அற்பம் என்று ஒதுக்காதீர்கள். அவள் இடத்தில் இன்னொருத்தியை இறக்க கோச்சுக்கு இப்போதே தெரிந்தால் மூன்று நான்கு வாரம் கிடைக்கும், முந்தின நாள் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட, அவளுக்குப் புரியும்.

ஓய்வு எவ்வளவு என்பதை எம்ஆர்ஐ சொல்லும். எலும்பில் வீக்கம் மட்டும் என்றால் மூன்று நான்கு வாரத்தில் ஓட்டத்தைத் தொடங்கலாம். முறிவுக் கோடு விழுந்திருந்தால் இரண்டு மூன்று மாதம். நடக்கவே வலித்தால் சில வாரம் காலை அசையாமல் பிடிக்கும் பூட் போடச் சொல்வார்கள். வலியில்லாமல் நடக்க முடிந்ததும், டாக்டர் சம்மதித்தால், நீச்சல் குளத்தில் பெல்ட் கட்டிக்கொண்டு ஆழமான தண்ணீரில் ஓடுவது, சைக்கிள் மிதிப்பது இவற்றை வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுப் பற்றாக்குறையால் வந்த பிரச்சினையில், ஓட்டத்துக்குப் பதிலாகத் தினமும் ஒன்றரை மணி நேரம் சைக்கிள் மிதித்தால் உடம்புக்கு ஓய்வே கிடைக்காது.

மறுபடி ஓடுவதற்கு முன் நான்கு விஷயம் தேற வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லை. அந்த இடத்தை அழுத்தினால் வலி இல்லை. ஒற்றைக் காலில் நின்று 25 முறை குதிகாலைத் தூக்கி இறக்க முடிகிறது. ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தால் வலி இல்லை. அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேரம்: ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, இப்படி ஆறு முறை. இரண்டு தடவை வலியில்லாமல் முடித்தால் இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. பிறகு மூன்றும் இரண்டும், நான்கும் ஒன்றும், கடைசியில் இருபது நிமிடம் நிற்காமல். ஓடும்போதோ மறுநாள் காலையிலோ வலி வந்தால் ஒரு படி பின்னால். முதலில் தூரம் கூடட்டும், பிறகு வேகம், மேடும் ஸ்பைக்கும் கடைசியில். ஓட்டத்தின் வேகம் முழு வாக்கியம் மூச்சுவாங்காமல் பேசும் அளவுக்குத்தான். ஒரு நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை ஐந்து சதவீதம் கூட்டி, அடியின் நீளத்தைக் குறைத்தால் கணைக்காலில் விழும் விசை குறையும்.

குளிர்காலத்தில் கூரைக்குள் நடக்கும் இண்டோர் ட்ராக் சீசனை விட்டுவிடலாம். 200 மீட்டர் ட்ராக்கின் இறுக்கமான வளைவும், குளிர்காலத்தில் பள்ளி வராண்டாவின் டைல்ஸ் தரையில் ஓடும் வழக்கமும், ஆறிவரும் எலும்புக்கு ஆகாது. எல்லாம் ஒழுங்காகப் போனால் மார்ச் மாதம் ஸ்பிரிங் ட்ராக்குக்குத் தயாராகலாம்.

நாட்டிய ஆசிரியரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். இந்த மாதங்களில் வகுப்புக்குப் போகட்டும். உட்கார்ந்து ஜதி சொல்வது, தாளம் போடுவது, அபிநயம், ஹஸ்தம், உருப்படிகளை மனப்பாடம் செய்வது என்று நிறைய இருக்கிறது. தட்டுவதும் குதித்து மெட்டடவும் மட்டும் கூடாது. இருபது நிமிடம் நிற்காமல் ஓட முடிந்த பிறகு முதல் காலத்தில் தட்டடவு பத்து நிமிடம், பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம். வீட்டில் பயிற்சி மரத்தரையில் நடக்கட்டும், பேஸ்மென்ட் வேண்டாம். அடவு ஆடும் நாளுக்கு முன்னும் பின்னும் வேகப் பயிற்சி வேண்டாம்.

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. நிரந்தரமாக நிறுத்துவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அளவோடு ஓடி, வயிறு நிறையச் சாப்பிடும் பெண்ணின் எலும்பு உறுதியாகத்தான் ஆகும். அணியில் அவளுக்குக் கிடைத்திருக்கும் தோழிகளும் ஒழுங்கும் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. பீரியட்ஸ் திரும்புவதையும் எலும்பு ஆறுவதையும் இரண்டு நிபந்தனையாக வைத்து ஓட விடலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த கோடையிலும் ஊருக்குப் போவீர்கள். ஸ்பிரிங் சீசன் முடிந்ததும் பத்து நாள் முழு ஓய்வு. கோவையில் முதல் வாரம் தூக்கம் சரியாகட்டும். பிறகு வாரம் நான்கு நாள், காலை ஆறு மணிக்குள், ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் அரை மணி நேரம், கூட யாராவது ஒருவரோடு. வாரம் 12 மைல் வந்தால் போதும். திரும்பி வந்த பிறகு ஐந்து வாரத்துக்கு 15, 18, 21, 18, 24 மைல். நடுவில் இறங்குவது எலும்பு மூச்சு விடுவதற்கு, அதை விட்டுவிடாதீர்கள். இந்தக் கணக்கில் 250 வராது, டி-ஷர்ட்டும் கிடைக்காது. மைல் எண்ணிக்கைக்குப் பதிலாக, திட்டப்படி ஓடி முடித்த வாரங்களை எண்ணி டி-ஷர்ட் கொடுக்க முடியுமா என்று ஏப்ரல் மாதமே கோச்சிடம் கேளுங்கள். லீவில் ஊருக்குப் போகும் பிள்ளைகள் அந்த அணியில் இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.